பிள்ளைக்குப் பிடித்தது பேயா? நோயா?

நமது மக்களுக்கு உடம்பில் ஒரு நோய் வந்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகின்றது. மனத்தில் ஒரு நோய் வந்தால் மாத்திரம் கோடாங்கி ஞாபகமும், ஜோசியன் ஞாபகமும், வேண்டுதல் ஞாபகமுந்தான் வருகின்றது. பிள்ளைக்குக் கால் முறிந்தால், "சனி பார்க்கிறான்" என்று வாயால் சொல்லிக்கொண்டாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடுகிற தகப்பன், அதே பிள்ளை இரண்டு மாதமாய்ச் சரியாய்த் தூங்காமலும், சாப்பிடாமலும், ஒருவரோடும் பேசாமலும் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் வைத்தியரிடம் போவதில்லை. முதலில் அதட்டுகிறான், பிறகு அடிக்கிறான், அதற்கும் பிறகு தாயத்துக் கட்டுகிறான். எல்லாம் கைமீறிப் போனபின், ஊருக்குத் தெரியாமல் இருட்டிலே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறான். அதற்குள் பிள்ளையின் படிப்பும் போய், பணமும் போய், காலமும் போய் விடுகின்றது.

இந்த வித்தியாசம் ஏன் என்று யாராவது யோசித்துப் பார்த்ததுண்டா? காரணம் வெகு சுலபமானது. உடம்பை வைத்தியனுக்கு விட்டுக் கொடுத்துவிட்ட மதக்காரன், மனத்தை மாத்திரம் இன்னும் விட்டுக் கொடுக்கவில்லை. மனம் என்பது ஆத்மாவின் சங்கதி, ஆத்மா என்பது ஆண்டவனின் சங்கதி, ஆண்டவன் என்பது தன்னுடைய சங்கதி என்று அவன் ஒரு பாத்தியதை எழுதி வைத்துக் கொண்டிருக்கிறான். மூளையும் நுரையீரல், ஈரல் போல ஓர் உறுப்பு, அதற்கும் நோய் வரும், அதற்கும் மருந்துண்டு, அதில் ஏற்படுகிற துன்பத்தைப் பேசித் தீர்க்கிற பயிற்சி பெற்றவர்களும் உண்டு என்கின்ற சாதாரண அறிவு நம் ஜனங்களுக்கு வந்துவிட்டால், அப்புறம் அந்தப் பாத்தியதைக்கு மதிப்பேது?

எத்தனை பிள்ளைகள்?

"இதெல்லாம் எங்கேயோ ஒன்றிரண்டு வீட்டில் நடப்பது, இதற்குப் போய் பத்திரிகையில் எழுத வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குச் சில கணக்குகள் சொல்லுகிறோம். உலக சுகாதார ஸ்தாபனத்தார் கணக்குப்படி உலகத்தில் 10 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளில் 7 பேருக்கு ஒருவர் ஏதாவதொரு மனவியாதியோடு இருக்கிறார்கள். நமது நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 7.3 பேருக்கு மனவியாதி இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். அதாவது 40 பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற ஒரு வகுப்பில் ஏறக்குறைய 3 பிள்ளைகள். அந்த மூவரும் யார் என்று அந்த வகுப்பு உபாத்தியாயருக்குத் தெரியுமா? பெற்றவர்களுக்குத் தெரியுமா?

அதே கணக்கெடுப்பில் இன்னொரு சங்கதியும் சொல்லப்பட்டிருக்கிறது. மனவியாதி உள்ளவர்களில், வியாதிக்குத் தக்கபடி, 100க்கு 70 பேர் முதல் 92 பேர் வரை எவ்வித வைத்தியமும் இல்லாமலே இருக்கிறார்கள் என்பதுதான் அது. சர்க்கரை வியாதிக்காரர்களில் 100க்கு 80 பேர் வைத்தியமில்லாமல் கிடந்தால் இந்த நாடு சும்மா இருக்குமா? சட்டசபை சும்மா இருக்குமா? மனவியாதி என்றால் மாத்திரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

மேலும், பெரியவர்களுக்கு இருக்கிற மனவியாதிகளில் பாதிக்குமேல் புதிதாக வந்தவையல்ல. ஏறக்குறையப் பாதி வியாதிகள் 14 வயதுக்குள்ளும், முக்கால் பாகம் 24 வயதுக்குள்ளும் தலைகாட்டி விடுகின்றன என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே பள்ளிக்கூடத்துப் பிள்ளையாய் இருக்கும்போது கவனித்திருந்தால், பின்னால் நாற்பது வருஷத் துன்பத்தைக் குறைத்திருக்கலாம் என்று ஆகின்றதா இல்லையா?

பெயர் வைக்கிற சாமர்த்தியம்

நோயைக் கண்டுபிடிக்கத்தான் நமக்குத் தெரியாதே தவிர, அதற்குப் பெயர் வைக்க நன்றாய்த் தெரியும். பையன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால் "திமிர்" என்கிறோம். ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைந்தால் "குரங்கு" என்கிறோம். எழுத்துக்கள் கண்ணுக்கு மாறி மாறித் தெரிகிற பிள்ளையை "மக்கு" என்கிறோம். சோர்ந்து படுத்தே கிடந்தால் "சோம்பேறி" என்கிறோம். பத்து வயதாகியும் படுக்கையில் சிறுநீர் கழித்தால், அதை நாலு பேருக்கு முன்னால் சொல்லி மானத்தை வாங்குகிறோம். பெண் பிள்ளையாயிருந்து கத்தினாலோ, மயங்கி விழுந்தாலோ, வேறு குரலில் பேசினாலோ ஒரே பெயர்தான்: "பேய் பிடித்துவிட்டது."

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வைத்திய சாஸ்திரத்தில் பெயருண்டு, பரிகாரமுண்டு. உட்கார முடியாத பிள்ளைக்குக் கவனக்குறைவு வியாதியாயிருக்கலாம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் படிப்பதில் மாத்திரம் ஒரு குறையிருந்து, மற்ற அறிவெல்லாம் தாராளமாய் இருக்கலாம். எரிந்து விழுகிற பையனுக்கும் சோர்ந்து கிடக்கிற பையனுக்கும் மனச்சோர்வு நோயாயிருக்கலாம். பிள்ளைகளிடம் மனச்சோர்வானது அழுகையாய் வராமல் கோபமாய் வருவதும், காரணம் தெரியாத தலைவலி வயிற்று வலியாய் வருவதும் உண்டு. மயங்கி விழுகிற பெண்ணுக்குக் காக்காய் வலிப்பாயிருக்கலாம். அல்லது வாயால் சொல்ல முடியாத ஒரு துன்பம் உடம்பின் வழியாய் வெளியே வருவதாயிருக்கலாம்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெற்றோர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டுகிறோம். பெண்ணைக் கோடாங்கிக்கு முன்னால் உட்காரவைத்து, தலைமயிரைப் பிடித்து ஆட்டி, வேப்பிலையால் அடித்து, "நீ யார்? எந்த ஊர்ப் பேய்? பெயரைச் சொல்" என்று கேட்கிறார்கள். பேயின் பெயரைத்தான் கேட்கிறார்களே ஒழிய, அந்தப் பெண் யாரைக் கண்டு பயப்படுகிறாள், வீட்டுக்கு வந்து போகிற எந்த மனிதனிடமிருந்து அவளுக்குத் தொந்தரவு, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. குழந்தைகளைக் கெடுக்கிற கயவர்களைத் தண்டிக்க 2012ல் போக்சோ என்று தனிச்சட்டமே ஏற்பட்டிருக்கிறது. ஆனால் கோடாங்கியின் உடுக்கைச் சத்தத்தில் அந்தக் குழந்தையின் புகார் யார் காதில் விழும்? குற்றவாளி கூட்டத்தோடு கூட்டமாய் நின்று விபூதி வாங்கிக்கொண்டு போவான். பேய்தான் எவ்வளவு சௌகரியமான குற்றவாளி!

மதம் மூன்று, சங்கிலி ஒன்று

நிற்க. இந்தப் பித்தலாட்டம் ஒரு மதத்துக்கு மாத்திரம் சொந்தமென்று யாரும் நினைத்துவிட வேண்டியதில்லை. மனவியாதிக்காரர்களை ஹிந்துக்கள் திருச்சி ஜில்லா குணசீலத்துக்கு 48 நாள் என்று கொண்டு போகிறார்கள். இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடி தர்காவுக்குச் சகல மதத்தாரும் கொண்டு போகிறார்கள். தூத்துக்குடி ஜில்லா புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கும் அப்படியே கொண்டு போகிறார்கள். சாமி வேறு, பாஷை வேறு, மந்திரம் வேறு. ஆனால் "கெட்ட ஆவி" என்கிற நோட்டீஸ் மாத்திரம் எல்லாக் கடையிலும் ஒன்றாகவே இருக்கின்றது. மற்ற காரியங்களில் ஒருவரையொருவர் பார்த்தால் ஆகாத மதங்கள், இந்த ஒரு வியாபாரத்தில் எவ்வளவு ஒற்றுமையாயிருக்கின்றன பார்த்தீர்களா?

இதன் முடிவு எப்படியிருக்கும் என்பதை நாடு ஒரு தடவை பார்த்தாய்விட்டது. 2001ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ந் தேதி ஏர்வாடியில், மனவியாதிக்காரர்களை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். கட்டியவர்கள் கொடியவர்கள் என்று மாத்திரம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் தாயும் தகப்பனும் அண்ணனும் தம்பியுமே யாவார்கள். அவர்கள் அன்பில்லாதவர்களா? இல்லை. வேறு வழி தெரியாதவர்கள். வழி தெரியாதபடி செய்தது மதம். வழியைக் காட்டாமலிருந்தது சர்க்கார்.

"அப்படியானால் கோவிலுக்குப் போய் அநேகருக்குக் குணமாகிறதே, அதற்கென்ன சொல்லுகிறீர்?" என்று கேட்பார்கள். சொல்லுகிறோம். மனவியாதிகளில் அநேகம் கடல் அலைபோல் ஏறி இறங்குகிறவை. ஏறியிருக்கும்போது கோவிலுக்குக் கொண்டு போகிறீர்கள். 48 நாளில் அது தானாகவே கொஞ்சம் இறங்குகிறது. சாமிக்குப் பெயர் கிடைக்கிறது. மறுபடியும் ஏறினால் "நேர்த்திக் கடனில் குறை வைத்தாய்" என்று உங்கள் பேரில் பழி வருகிறது. குணமானால் சாமியின் மகிமை, குணமாகாவிட்டால் உங்களுடைய பாவம் என்றால், இந்த வைத்தியன் எப்பொழுதுதான் தோற்பான்? தோற்கவே முடியாத வைத்தியனை நம்பாதீர்கள். இன்ன மருந்து இத்தனை பேருக்குக் கேட்டது, இத்தனை பேருக்குக் கேட்கவில்லை என்று எண்ணிச் சொல்லுகிறவன் எவனோ அவன்தான் யோக்கியமான வைத்தியன். எந்தக் கோவிலிலாவது குணமாகாதவர்களின் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்கிறோம்.

கல்யாணம் மருந்தா?

இதைவிடப் பெரிய அக்கிரமம் ஒன்றுண்டு. மனவியாதியுள்ள பெண்ணுக்கோ பையனுக்கோ "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டால் எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்பது. யார் வீட்டுப் பெண்ணை யாருக்கு மருந்தாகக் கொடுப்பது? பையனுக்குச் சித்தம் சரியில்லை என்பதை மறைத்து ஒரு பெண்ணைக் கட்டி வைத்தால், அவள் மனைவியா, சம்பளமில்லாத தாதியா? பெண்ணுக்கு நோயென்பதை மறைத்து அனுப்பினால், போன இடத்தில் மருந்தை ஒளித்து ஒளித்துத் தின்று, முடியாமல் விட்டுவிட்டு, நோய் முற்றி, "பைத்தியத்தைத் தலையில் கட்டிவிட்டான்" என்ற வசவோடு திரும்பி வருகிறாளே, அப்பொழுது அந்த மானம் எங்கே போகிறது? 18 வயதாகாத பெண்ணுக்கு இப்படிச் செய்தால் அது சட்டப்படியும் குற்றமாகும். நோய்க்கு மருந்து வைத்தியத்தில் இருக்கிறதே ஒழிய தாலியில் இல்லை.

ஜோசியனோ இதற்கு ஒரு படி மேலே போகிறான். மனசுக்கு அதிபதி சந்திரனாம். ஆகையால் சந்திரன் கெட்டிருந்தால் மனம் கெடுமாம். 1969ல் மனிதன் அந்தச் சந்திரனில் இறங்கிக் கல்லும் மண்ணும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். கல்லும் மண்ணும் அந்தியூரிலிருக்கிற ஒரு பிள்ளையின் தூக்கத்தை எப்படிக் கெடுக்கும்? இன்னும் சிலர் "முன் ஜென்மத்து வினை" என்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தை பேசவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால், அது ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறையாயிருக்கலாம். சிறு வயதிலேயே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தால் அவ்வளவுக்கவ்வளவு நல்லது. அந்தப் பொன்னான காலத்தை, "முன் ஜென்மத்தில் என்ன பாவம் செய்தேனோ" என்று தாயை அழவிட்டுக் கழிக்கிறார்களே, இதுதான் தர்மமா? நோயுள்ள குழந்தையைக் குற்றவாளியாக்கி, பெற்ற தாயைக் கூட்டுக் குற்றவாளியாக்குகிற தத்துவம் தத்துவமல்ல, கொடுமை என்றே சொல்லுகிறோம்.

பள்ளிக்கூடத்தின் பங்கு

மதத்தின் பேரில் மாத்திரம் பழியைப் போட்டுவிட்டு நாம் நின்றுவிடப் போவதில்லை. பரீட்சை என்று ஒரு புதுச் சாமி இருக்கிறது. அதற்கும் பலி வேண்டியிருக்கிறது. 2022ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்பது சர்க்காரின் குற்றப் பதிவு இலாகாவே வெளியிட்ட கணக்கு. அதே வருஷத்தில் பரீட்சையில் தோற்றது காரணமாக 2,248 பேர் இறந்ததாகவும் அதே கணக்குச் சொல்லுகிறது. எந்தச் சாவுக்கும் ஒரே ஒரு காரணம் இருப்பதில்லை. துன்பம் பல பக்கத்திலிருந்து சேர்ந்துதான் ஒரு பிள்ளையை அழுத்துகிறது. ஆனால் தோற்றவனுக்கு உலகமில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, அவன் அதை நம்பிவிட்டான் என்றால் யார் பேரில் குற்றம்? மார்க்குப்படி பெஞ்சு, மார்க்குப்படி வகுப்பு, தோற்றவன் பெயரைக் கூடத்தில் நிறுத்தி வாசிப்பது, தகப்பனை வரவழைத்துப் பிள்ளைக்கு முன் அவமானப்படுத்துவது ஆகிய இவைகளைப் படிப்பு என்று எவன் சொன்னான்?

2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பது மாத்திரமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் கூடாதென்று தடுக்கிறது. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டார், மனநலம் என்பது உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று தீர்ப்புச் சொல்லி, 100 பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள கல்வி ஸ்தாபனம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்கவேண்டுமென்றும், மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரிப்பதும், பலர் முன் அவமானப்படுத்துவதும் கூடியவரை நிறுத்தப்பட வேண்டுமென்றும் கட்டளையிட்டிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த ஆலோசகர் எங்கே? பள்ளிக்கூடச் சரஸ்வதி பூஜைக்குப் பணம் வசூலிக்கத் தெரிந்த நிர்வாகத்தாருக்கு, இதற்கு மாத்திரம் ஏன் பணமில்லை என்று பெற்றோர்கள் கேட்டதுண்டா?

இதோடு ஜாதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், நன்றாய்ப் படிக்கிற ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனை அவனோடு படிக்கிற பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பேரில் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு சர்க்கார் அமைத்த ஒரு நபர் கமிட்டி, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் கட்டும் ஜாதிக் கலர்க் கயிற்றைத் தடுக்க வேண்டுமென்று சொல்லவேண்டி வந்தது. வெட்டுப்பட்டவன் உடம்புக் காயம் ஆறிவிடும். வருஷக்கணக்காய் வகுப்பிலே தள்ளி வைக்கப்பட்டு, பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டு வருகிற பிள்ளையின் மனக் காயத்துக்கு யார் கட்டுப் போடுவது? பதினாறு வயதில் அரிவாள் எடுக்கும்படி ஜாதி விஷத்தை ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளையின் மனந்தான் நல்ல மனமா? ஜாதி இருக்கிறவரை பிள்ளைகளின் மனநலம் என்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

சட்டம் ஏட்டிலே, பிள்ளை ரோட்டிலே

சர்க்காரைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2017ல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2018 மே மாதம் 29ந் தேதி முதல் அமுலில் இருக்கிறது. அதன்படி மனநல வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை, பிச்சையல்ல. குழந்தைகளுக்கான மனநல வைத்தியமும் கட்டாயமாய் இருக்கவேண்டிய சேவைகளில் ஒன்றென்று அதிலே எழுதியிருக்கிறது. ஜில்லாவில் அந்தக் குறைந்தபட்ச சேவைகள் இல்லாவிட்டால், அங்கேயே வேறிடத்தில் பார்த்துக்கொண்டு அந்தச் செலவைச் சர்க்கார் ஏற்கவேண்டுமென்றும் எழுதியிருக்கிறது. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதென்றும், 18 வயதாகாதவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக்கூடாதென்றும், பெற்றவரோ பாதுகாவலரோ கூட இருக்கவேண்டுமென்றும் எழுதியிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர்களைக் குற்றவாளியாய் நடத்தாமல், மிகுந்த மனத்துன்பத்தில் இருந்தவர்களாய் எண்ணி வைத்தியமளிக்க வேண்டுமென்றும் இருக்கிறது.

நல்ல சட்டந்தான்; மறுக்கவில்லை. ஆனால் இந்திய தேசம் முழுவதும் சேர்த்து வீதம் போட்டால் லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூடக் கிடையாது. அதிலும் பிள்ளைகளுக்கென்று பயிற்சி பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். இருக்கிற டாக்டர்களும் பெரிய பட்டணங்களிலேயே இருக்கிறார்கள். மலையடிவாரத்திலிருந்து ஒரு கூலிக்காரத் தாய் ஒருநாள் கூலியையும் விட்டு, இரண்டு பஸ் மாறி, ஜில்லா ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, கடைசியில் ஐந்து நிமிஷம் டாக்டரைப் பார்த்தால், அவள் மறு மாதம் வருவாளா, பக்கத்துத் தெருக் கோடாங்கியிடம் போவாளா? கோடாங்கி அவள் சொல்வதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறான். அவன் சொல்லுவது பொய், ஆனால் கேட்கிறான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் சொல்லுவது மெய். ஆனால் கேட்க ஆளில்லை. இந்தக் குறையைத் தீர்க்காமல் ஜனங்களை மூடர்களென்று சொல்லிக்கொண்டிருந்தால் மாத்திரம் ஒரு பேயும் ஓடாது.

இன்னொரு கூட்டத்தாரிடத்திலும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். காவி வேஷ்டியை அவிழ்த்துவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்ட கோடாங்கிகள் இப்பொழுது கிளம்பியிருக்கிறார்கள். "மனோதத்துவ நிபுணர்" என்று போர்டு போட்டு, ஞாபக சக்திக்கு ஒரு மருந்து, வசியத்துக்கு ஒரு பயிற்சி, மூன்றே நாளில் மூளை மாற்றம் என்று ஆயிரக்கணக்கில் பறிக்கிறார்கள். மருத்துவ மனோதத்துவக்காரர் என்று தொழில் செய்ய, 1992ம் வருஷச் சட்டப்படி புனர்வாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். டாக்டரானால் மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும். "உங்கள் பதிவு நம்பர் என்ன?" என்று கேளுங்கள். கேட்டதும் கோபம் வருகிறவனிடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

எங்கே போவது?

"எல்லாவற்றையும் குற்றம் சொல்லிவிட்டீர், எங்கேதான் போவது?" என்று கேட்பது நியாயமே.

ஒரு பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, பேச்சு, படிப்பு, விளையாட்டு இவைகளில் பழைய மாதிரியில்லாமல் மாறியிருந்தால், சினேகிதர்களை விட்டு விலகினால், தன் உடம்பைத் தானே காயப்படுத்திக் கொண்டால், அதை முதலில் அன்போடு உட்காரவைத்துக் கேளுங்கள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் புதிதாய் வந்துவிடும் என்பது ஒரு மூட நம்பிக்கை. கேட்டால் பிள்ளைக்கு மனபாரம் இறங்குகிறது என்பதுதான் அனுபவம். "ஆம்" என்றால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்; அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்; நாள் நட்சத்திரம் பார்க்காதீர்கள்.

போன் வழியாய்ப் பேச 14416 என்ற நம்பர் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. காசில்லை, ராப்பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்லக் கூச்சமாயிருந்தாலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற நம்பரும் உண்டு. பிள்ளைக்கு யாராலாவது கொடுமை நேர்ந்திருந்தால் 1098. நேரில் போக, உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் முதலில் போகலாம். அவர் சீட்டுக் கொடுத்தால் ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரியிலோ, சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ மனநலப் பிரிவில் இலவசமாய்ப் பார்ப்பார்கள். ஜில்லா மனநலத் திட்டம் என்று 1996 முதல் நாட்டில் ஏற்பட்டிருக்கிறது. அதன் டாக்டர் உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்து ஊர்ச் சாவடியில் எழுதிப் போடுங்கள். சிறு குழந்தை பேசவில்லை, நடக்கவில்லை, முகம் பார்க்கவில்லை என்றால், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கிற இடையீட்டு மையம் எங்கிருக்கிறது என்று ஜில்லா ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1794ல் ஆரம்பித்த பழைய மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கும் பார்க்கிறார்கள். "கீழ்ப்பாக்கம்" என்பதை வசவுச் சொல்லாய் வைத்திருக்கிற நாட்டில், அது ஓர் ஆஸ்பத்திரி என்பதை ஞாபகப்படுத்த வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

அங்கே போனால் என்ன செய்வார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. அநேகப் பிள்ளைகளுக்கு மருந்தே வேண்டியிராது. பேசிப் பேசி, பயத்தையும் துக்கத்தையும் எதிர்கொள்ளுகிற பழக்கத்தைக் கற்றுக் கொடுப்பார்கள். பெற்றவர்களுக்கும் கற்றுக் கொடுப்பார்கள். மருந்து வேண்டியவர்களுக்கு அளவோடு கொடுப்பார்கள். மனச்சோர்வு மருந்து ஒரே நாளில் வேலை செய்யாது. சில வாரங்கள் பிடிக்கும். அந்த ஆரம்ப வாரங்களில் பிள்ளையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கொஞ்சம் தெளிந்தவுடனே நாமாக நிறுத்திவிடக் கூடாது. படிப்பில் மாத்திரம் குறையுள்ள பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை மாற்றினால் போதும். சர்ட்டிபிகேட் வாங்கினால் பொதுப் பரீட்சையில் அதிக நேரமும் கொடுக்கிறார்கள். 2016ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் அந்தக் குறைக்கும், ஆட்டிசத்துக்கும், மனவியாதிக்கும் இடமிருக்கிறது.

"எங்கள் காலத்தில் இந்த வியாதியெல்லாம் ஏது?" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். உங்கள் காலத்திலும் இருந்தது ஐயா! ஊருக்கு ஊர் ஒரு "பைத்தியக்காரன்" தெருவில் திரிந்தானே, அவன் யார்? கிணற்றில் விழுந்து செத்த மருமகளைப் பற்றி "மோகினி அடித்தது" என்று சொன்னீர்களே, அவள் யார்? இருந்தது நோய், இல்லாதது கணக்கு.

தோழர்களே!

நமது இயக்கத்தார் செய்யவேண்டியது வெறும் பிரசங்கமல்ல. ஊர்தோறும் நாலு வாலிபர்கள் சேர்ந்து இந்த நம்பர்களைப் பள்ளிக்கூடச் சுவரிலும், நூல் நிலையத்திலும், டீக்கடையிலும் எழுதி வையுங்கள். கோடாங்கி வீட்டுக்குப் பிள்ளையை இழுத்துப் போகிற தாயைக் கேலி செய்யாதீர்கள். "நானும் வருகிறேன் அக்கா, பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று கூடப் போங்கள். அவளுக்கு வேண்டியது வாதமல்ல, துணை. பள்ளிக்கூட நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, "சுப்ரீம் கோர்ட்டு சொன்ன ஆலோசகர் எங்கே?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறு கூட்டத்திலும் கேளுங்கள். ஓட்டுக் கேட்க வருகிறவனிடம் ரோடும் விளக்கும் கேட்பதோடு, தாலுகாவுக்கு ஒரு மனநல டாக்டரும் கேளுங்கள். "பைத்தியம்" என்கிற வார்த்தையை வசவாய்ச் சொல்லுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஏனென்றால் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் ஆயிரம் வீடுகளில் பிள்ளையின் நோயைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

மானம் என்று நாம் பேசுகிறோமே, பிள்ளையின் நோயை ஊருக்கு மறைப்பது மானமல்ல. நம் வீட்டுப் பிள்ளை ஒன்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல் தவிக்கும்போது, அதன் கையைப் பிடித்துப் பகல் வெளிச்சத்திலே, நாலு பேர் பார்க்க, ஆஸ்பத்திரி வாசல்படி ஏறுகிறானே ஒரு தகப்பன், அவன்தான் மானமுள்ளவன் என்பது நமது அபிப்பிராயம்.